இஸ்திரிக்குப் போன வேட்டைச் சட்டைகள்

எங்கள் குடியிருப்பில் ஒருவர் மனசில் இருப்பதை இன்னொருவர் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! லிஃப்டு வாசல், மொட்டைமாடிக் கொடி, குப்பைத்தொட்டி என்று ஒரு நாள் முழுக்க அலைந்தால்தான் உருப்படியாக ஒரு சேதி தேறும். இந்த வருஷம் அரசாங்கமே அந்த வேலையை ஒரு சட்டைக்குள் வைத்துத் தைத்து, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டது.

நாங்கள் இருப்பது தடாகம் என்கிற ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். காட்டுப்பன்னிகள் பெருகி, கல்யாணத்துக்குப் போகிறமாதிரி குடும்பத்தோடு வீதியில் இறங்கிய பிறகு, கார்த்திகையில் கடலை பிடுங்குவதற்கு முன்பு வேட்டைச் சீசன் திறப்பது வழக்கமாகிவிட்டது. வழக்கமானதும் விபத்தும் வழக்கமானது. போன சீசனில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் புதர் அசைந்ததைக் கண்டு பதறிச் சுட்டதில் இன்னொருவருக்குக் கால் போனது. அந்த நேரத்தில் கால் போனவர் அந்தப் புதருக்குள் யாரோடு இருந்தார் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

அதனால்தான் சட்டை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், கையில்லாதது, நெஞ்சிலும் முதுகிலும் ஒவ்வொரு விளக்கு. பாதுகாப்பு அலுவலர் மிருதுளா என்ற சின்னப்பெண் வந்து கிளப் ஹாலில் எங்களை உட்கார வைத்து விளக்கினாள்.

“பதறுறவங்கதானுங்க ஆளச் சுடறாங்க. கை பதறுறதுக்கு முன்னாடி நெஞ்சு பதறும். சட்ட அதப் பாத்துக்கிட்டே இருக்கும். உங்க துடிப்பு வழக்கமா இருந்தா பச்ச. வழக்கத்தவிட ஏறிட்டா செவப்பு. செவப்பு எரிஞ்சா துப்பாக்கி பூட்டிக்கும்.”

“எறங்குனா?” என்றார் சங்கச் செயலாளர் மௌலீஸ்.

“எறங்குனாலும் செவப்புதாங்க. தூங்கி வழியறவங்க கையிலயும் துப்பாக்கி இருக்கக் கூடாதில்லீங்களா?”

கொட்டாவி விட வாயைத் திறந்திருந்த மௌலீஸ் அப்படியே மூடிக்கொண்டார்.

“என்ற வழக்கம் என்னன்னு அதுக்கு எப்படிங்க அம்மிணி தெரியும்?” என்று பின்வரிசையிலிருந்து யாழினி கேட்டாள்.

“ஒரு வாரம் போட்டுக்கிட்டே திரியணுங்க்கா. சமைக்கறது, நடக்கறது, சண்ட போடறது எல்லாம் அதப் போட்டுக்கிட்டுத்தான். தூங்கறப்பவும் குளிக்கறப்பவும் கழட்டிக்கலாம். ஒவ்வொருத்தர் நெஞ்சும் ஒவ்வொரு மாதிரி. உங்களோடத அது கத்துக்கும். ரெண்டு நாளு போனா வெளக்கும் எரிய ஆரம்பிச்சுரும்.”

பிறகு மற்ற பாடங்கள். பாம்புக்குத் தடித்த காலுறை. கழுத்தில் விசில். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பரண் ஏறவே கூடாது. குண்டை எடுத்துவிட்டு, அதைத் தரையில் வைத்துவிட்டு ஏறி, இடுப்பு பெல்ட்டை மரத்தோடு மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் கயிற்றில் கட்டித் தூக்க வேண்டும். சத்தத்தைப் பார்த்துச் சுடக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடவே கூடாது. எல்லோரும் தலையாட்டினோம். யாழினி ஒருத்திதான் உதடு அசைய மனப்பாடம் செய்தாள்.

காரணம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், கட்டியவனைச் சிங்கப்பூரில் விட்டுவிட்டு இங்கே வந்து மண்வெட்டி பிடித்தவள் அவள். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பொது நிலத்தில் கடலை போட்டிருந்தாள். போன இரண்டு வருஷமும் விளைந்ததையெல்லாம் பன்னி தின்றது. மிச்சமிருந்த செடியில் பன்னி உருண்டது. இந்த வருஷமும் கடலை வீடு வந்து சேராவிட்டால் அந்த நிலத்தில் பிக்கிள்பால் என்கிற மட்டைப்பந்து ஆட்டத்துக்குக் கோர்ட் போட்டுவிடுவது என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. அவரவர் விளைச்சல் காட்டுக்கு அவரவர்தான் துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டும் என்பது சீசன் விதி. ஆகவே, சட்டை பச்சை காட்டித் தேர்வில் தேறினால் கடலைக்காடு. தேறாவிட்டால் தரையில் கோடு கிழித்து மௌலீஸ் பந்தடிப்பார்.

கற்றல் வாரம் இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் ஏ பிளாக் புதுமருமகளின் முதுகில் சிவப்பு எரிய, அதைப் பார்த்து மாமியாரின் முகமும் சிவக்க, வாசலே விழாக்கோலமாக இருந்தது. ரம்மி ஆட்டம் ஒரே நாளில் நின்றுபோனது. ஜோக்கர் யார் கையில் என்று விளக்கே சொல்லிவிட்டால் என்னத்தை ஆடுவது? பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஆனால் மௌலீஸ், “தண்ணி லாரி கெளம்பிருச்சுங்க” என்று மூன்று நாளாகச் சொன்னாரே, ஒரு தடவைகூட அவருடைய பச்சை மாறவில்லை. அன்றிலிருந்து, சிவப்பு எரிந்தவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த வாரத்தில் என் கண்ணுக்குத் தப்பியவர் ஒரே ஒருவர். டி பிளாக் சபரீஷ். மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் என்ற ஸ்டேஷனில் மட்டும் வண்டியை நிறுத்தாமலே கடந்துவிட்டவர். பேச்சு அளவு, நடை அளவு, சிரிப்பு அதைவிட அளவு. அவர்தான் இந்த வருஷம் வேட்டைக்குழுத் தலைவர். மனிதர் வாரம் முழுக்க சட்டைக்கு மேலே ஒரு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு திரிந்தார். சொட்டு மழை இல்லை.

“ஏனுங்க, மழ எங்கீங்க?” என்று கேட்டேன்.

“வருமுங்க” என்றார்.

அளவுதான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள் என்று மௌலீஸ் ஒரு உத்தரவு போட்டார்: எல்லாச் சட்டையும் இஸ்திரி போட்டு மொடமொடவென்று இருக்க வேண்டும். உயிர்காக்கும் கருவியைக் கொண்டுபோய் இஸ்திரிக்குக் கொடுக்கிற ஜனம் உலகத்தில் நாங்கள்தான் இருப்போம். கேட்டருகே வண்டி போட்டிருக்கும் கோகுலிடம் மலைபோல ஆரஞ்சு குவிந்தது. எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டு எண்ணைக் காலரின் உள்பக்கம் மையால் எழுதுவது அவன் வழக்கம். விளக்கில் சூடு படாமல் தேய்த்து மடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தான்.

மைதானத்தில் ஷாமியானா. தேர்வு எளிமையானது. சக்கரம் வைத்த பொம்மைப் பன்னி ஒன்று உறுமிக்கொண்டு ஓடி வரும். துப்பாக்கியில் சாயக்குண்டு. பதறாமல் குறிபார்த்துச் சுட வேண்டும்.

யாழினி வந்து நின்றதுமே சிவப்பு.

“துடிப்பு ஏறியிருக்குங்க்கா. சித்தே மூச்ச இழுத்து விடுங்க” என்றாள் மிருதுளா.

இழுத்தாள், விட்டாள். சிவப்பு. தண்ணீர் குடித்தாள். சிவப்பு. கூட்டத்தில் மௌலீஸ் பந்தடிக்கிற பாவனையில் கையை வீசிக் காட்டினார்.

அடுத்து சபரீஷ். மழைக்கோட்டைக் கழற்றினார். அவருக்கும் சிவப்பு!

“சார், தூக்கம் வருதுங்களா? வழக்கத்தவிட ரொம்பக் கீழ காட்டுது.”

“இல்லீங்களே. இப்பத்தான் காப்பி குடிச்சேன்.”

அப்போது யாழினி, தனக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்பதற்காக மிருதுளாவை நோக்கி நடந்து வந்தாள். சபரீஷ் பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய சிவப்பு மங்கி, பளிச்சென்று பச்சை எரிந்தது. அவள் நகர்ந்தாள், சிவப்பு. திரும்பி வந்தாள், பச்சை.

எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அவள் சிவப்பு, அவர் பச்சை. நாலு வரிசைக்கும் நிமிஷத்தில் சேதியைப் பரப்பினேன். “யாழினிக்கு அவர்மேல ஆசையாமா! நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. அவரு பாருங்க, கல்லாட்ட நிக்கறாரு!” புதுமருமகளும் மாமியாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது யாழினியின் காதில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, நீங்க அங்கயே நில்லுங்க. சாருக்குப் பச்ச இருக்கறப்பவே தேர்வ முடிச்சர்லாம்” என்றாள் மிருதுளா.

பொம்மைப் பன்னி உறுமிக்கொண்டு வந்தது. சபரீஷ் துப்பாக்கியைத் தூக்கினார். அவர் கை நடுங்கியது. நான் பார்த்தேன், முன்வரிசையில் எல்லோருமே பார்த்தோம். ஆனால் விளக்கு பச்சையாக இருந்தது. விளக்கு பச்சையாக இருக்கும்போது கையை யார் கணக்கில் எடுப்பது?

டுமீல்.

பன்னி பாட்டுக்கு ஓடிப் போனது. அதற்குப் பின்னால், நிற்கவே கூடாத இடத்தில் படத்துக்கு முகம் காட்டிக்கொண்டு நின்ற மௌலீஸின் வெள்ளைவேட்டியில், தொடைக்கு மேலே, நீலச்சாயம் பூவாய் விரிந்தது.

முதலில் ஒரே சிரிப்பு. மிருதுளா சிரிக்கவில்லை. “நெசக் குண்டா இருந்திருந்தா?” என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. மௌலீஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அன்றுதான் முதன்முதலாக அவருடைய சட்டையில் சிவப்பைப் பார்த்தேன்.

சபரீஷ் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாழினி, எல்லாம் தன்னால்தான் வந்தது என்பதுபோல ஷாமியானாக் கம்பத்தருகே குந்தித் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லப் போனேன். ஆறுதல் சொல்லப் போகிற இடத்தில் கண்ணை வீட்டிலா வைத்துவிட்டுப் போவார்கள்? அவள் காலரின் உள்பக்கம் தெரிந்தது. டி-4.

“ஏன் யாழினி, உன்ற வீடு பி-4 தானே?”

அடுத்த நொடி சபரீஷின் பின்னால் போய்க் காலரை மடித்துப் பார்த்தேன். அனுமதி கேட்கவில்லை. பி-4.

“கோகுலூ!” என்று நான் போட்ட சத்தத்தில் பொம்மைப் பன்னியே நின்றுவிட்டது.

மிருதுளா இரண்டு காலரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாழினியக்கா போட்டிருக்கறது சாரோட சட்ட. சாரோட வழக்கம் ரொம்ப நிதானம். அக்காவுக்கு எப்பவுமே துடிப்பு எச்சு…”

“பன்னி தொரத்தித் தொரத்தி அப்படி ஆயிருச்சுங்க” என்றாள் யாழினி.

“அதனாலதான் அதுல நீங்க எப்பவும் செவப்பு. சாரு போட்டிருந்தது உங்க சட்ட. சும்மா நின்னா அவருக்குத் துடிப்பு பத்தல, அதுவும் செவப்பு. அதுல அவருக்குப் பச்ச எரியணும்னா…” மிருதுளா நிறுத்தினாள். அதிகாரி அல்லவா, அதற்குமேல் சொல்ல அவளுக்கு விதி இடம்கொடுக்கவில்லை.

எனக்கு எந்த விதியும் இல்லை. “அவரு நெஞ்சு கெடந்து அடிச்சாத்தான் எரியும்!” என்றேன். “யாழினி பக்கத்துல வந்தாத்தான் எரிஞ்சுச்சு! அட, மழைக்கோட்டு போட்டதும் இத மறைக்கத்தானா!”

மைதானம் முழுக்க சபரீஷைத் திரும்பிப் பார்த்தது. ரயிலை ஆயிரம் தடவை சுரங்கத்துக்குள் விட்ட மனிதர், ஒளிய ஒரு சுரங்கம் கிடைக்காமல் நின்றார்.

யாழினி எழுந்தாள். “ஏனுங்க, தண்ணி மோட்டாரு எப்பப் போடுவாங்கன்னு போன மாசம் உங்களக் கேட்டேனே. அப்பவுமா?”

“அப்பவுந்தானுங்க” என்றார் சபரீஷ்.

“நான் மண்வெட்டியோட, சேத்துக் காலோட இல்ல நின்னேன்?”

“ஆமாங்க.”

விசில் இருந்தவர்கள் எல்லோரும் ஊதினார்கள். ஆபத்துக்கு மட்டுமே ஊத வேண்டும் என்பதை மிருதுளா ஞாபகப்படுத்தியது யார் காதிலும் விழவில்லை. அவள் கை தட்டி அமைதி வந்த பிறகு சொன்னது மட்டும் விழுந்தது. “கை நடுங்குனத எல்லாரும் பாத்தீங்க. நானும் பாத்தேன். ஆள விட்டுட்டு வெளக்க நம்பிட்டோம்.”

மாறிப் போட்டதில் கணக்குக் குழம்பிப்போன இரண்டு சட்டைகளிலும் கற்றதையெல்லாம் அழித்து, முதலிலிருந்து கற்க வைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. சீசன் திறக்கச் சரியாக ஒரு வாரம் இருந்தது. சபரீஷ், இனித் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்றார்.

“அதப் பொறவு பாப்போம். பரண் கட்டத் தெரியுங்களா?” என்றாள் யாழினி.

தெரியாது. ஆனாலும் கட்டினார். காலையில் காப்பித் தூக்கோடு போவார். பொழுது சாயத்தான் இருவரும் திரும்புவார்கள். அவள் களியும் பச்சைப்பயறு கடைசலும் கொண்டுபோவாள். அவர் முடிச்சுப் போடுவார். அவள் அவிழ்த்து மறுபடி போடுவாள். என் சமையலறை ஜன்னலிலிருந்து கடலைக்காடு நன்றாகவே தெரியும். தெரியாத பகுதிக்கு மொட்டைமாடி இருக்கிறது. முதல் இரண்டு நாள் சட்டைகள் கற்றுக்கொண்டிருந்தன, விளக்கு இல்லை. அப்புறம் எரிந்தது. தோளோடு தோள் நின்று கம்பு கட்டுகிறார்கள், இருவருக்கும் பச்சை! எதிரெதிரே உட்கார்ந்து களி தின்கிறார்கள். பச்சை!

ரொம்ப ஏமாற்றமாக இருந்தது. துப்பாக்கியைத் தொடுவதில்லை என்றவரையும் யாழினி மறுதேர்வுக்கு இழுத்துப் போனாள்; அங்கேயும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை மாறாமல் பொம்மைப் பன்னியின் காதில் சுட்டுவிட்டு வந்தார்கள். “ஆறிப்போச்சுங்க. ஒரே வாரத்துல புளிச்சுப்போச்சு” என்று நான்தான் நாலு பிளாக்குக்கும் சொன்னேன். மாமியாரும் மருமகளும் பெருமூச்சு விட்டார்கள். மௌலீஸ், பிக்கிள்பால் மட்டையைத் துடைத்து வைத்தார்.

சீசன் திறந்த அன்று, விடிகிற நேரம். கடலைக்காட்டுக்கு மேலே பாதுகாப்பு மேசை. மிருதுளா, அவளுடைய திரை, டீ பிளாஸ்க், பிளாஸ்க்குக்குத் துணையாக நான். யாழினி காட்டின் நடுப்பரணில். சபரீஷ் தலைவர் என்பதால் பள்ளத்தோரம், தூரத்துப் பரணில்.

மலையிலிருந்து பன்னிகள் இறங்கின. பெரியது முன்னால், குட்டிகள் நடுவில், அத்தை மாமன் பின்னால். வேலியை முகர்ந்தன. நுழைந்தன.

“சுடு, யாழினி” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். முதுகில் சிவப்பு. பூட்டு. அங்கே சபரீஷ் பரணிலும் சிவப்பு. பன்னிகள் முதல் வரிசைக் கடலையைக் கிளறத் தொடங்கின. மண் பறந்தது.

“பயந்துட்டா போலிருக்கு” என்றேன்.

மிருதுளா திரையை உற்றுப் பார்த்தாள். “பயமில்லீங்க்கா. துடிப்பு ஏறல. எறங்கியிருக்கு. ரெண்டு பேருக்கும்.”

“முன்னால பன்னி நிக்குது, எறங்குமா?”

“வழக்கத்தவிடக் கீழ இருக்கு. பன்னியப் பாத்து ஏறுனதுகூட அவங்க வழக்கத்துக்குப் பக்கத்துல வரல.” என்னைப் பார்த்தாள். “அந்த வாரம் என்ன பண்ணாங்க?”

“பரண் கட்டுனாங்க.”

“யாரு?”

“ரெண்டு பேரும்.”

“எத்தன நேரம்?”

“விடிஞ்சா போவாங்க, பொழுது அடஞ்சாத்தான் வருவாங்க.”

மிருதுளா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “சட்ட அதத்தான் வழக்கம்னு கத்துக்கிச்சுங்க. பக்கத்துல அவரு இருந்தா எந்த அளவு துடிக்குமோ, அதுதான் யாழினியக்காவுக்குப் பச்ச. சாருக்கும் அப்படித்தான்.” வாக்கி-டாக்கியை எடுத்தாள். “சபரீஷ் சார், உடனே நடுப்பரணுக்குப் போங்க.”

“எதுக்குங்க?”

“பாதுகாப்புக்குங்க!”

அந்த மனிதர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. குண்டை எடுத்தார். துப்பாக்கியைக் கயிற்றில் இறக்கினார். பெல்ட்டை அவிழ்த்தார், இறங்கினார். யாரும் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க விசிலை ஊதிக்கொண்டே வரப்போரமாக நடந்தார். விசிலுக்குப் பன்னிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன; இவர் ஏதோ ரயிலுக்கு வழிவிடச் சொல்கிறார் என்று நினைத்தனவோ என்னவோ, மறுபடி குனிந்து தின்றன. இரண்டாம் வரிசை போனது. மூன்றாவது ஆரம்பமானது. என் சட்டையில் சிவப்பு எரிந்தது. எனக்கு மட்டும் ஏறித்தான்.

சபரீஷ் ஏணி ஏறினார். பரண் ஆடியது, அவர் போட்ட முடிச்சாக இருக்கும். பெல்ட்டை மாட்டினார். “மாட்டியாச்சுங்களா?” என்று அந்த அவசரத்திலும் யாழினி கேட்டது எங்களுக்குக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் அவர் முதுகில், அடுத்து அவள் முதுகில். பச்சை, பச்சை.

குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சுட்டாள். முன்னால் நின்ற பெரியது விழுந்தது. மற்றவை வந்த வழியே, குட்டி குளுவான்களோடு மலையேறி மறைந்தன. காட்டில் மூன்று வரிசை போக மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. பரணிலிருந்து அவர்கள் உடனே இறங்கவில்லை. திரையைப் பார்த்து, “இன்னும் பச்சதானுங்க” என்றாள் மிருதுளா. எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றினாள்.

சீசன் முழுக்க நடுப்பரணில் இரண்டு பேர். வேறு எந்தக் காட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது என்று மௌலீஸ் ஆட்சேபித்தார். கடலை வந்து சேர்ந்ததும் முதல் படி அவர் வீட்டுக்குத்தான் போனது, அவித்து.

சீசன் முடிந்ததும் சட்டைகளை இஸ்திரி போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அவரே மறுபடி உத்தரவு போட்டார். நான் என் சட்டையைக் கொடுக்கக் கோகுல் வண்டிக்குப் போனேன். அங்கே தேய்த்து மடித்த ஆரஞ்சு அடுக்கு. கை சும்மா இருக்காதே, ஒவ்வொரு காலராகப் புரட்டினேன். ஒன்று பி-4. அதற்கடுத்ததில் பழைய டி-4ஐ அடித்துவிட்டு, பி-4.

“ஏப்பா கோகுலு! மறுபடியும் மாத்தித் தொலச்சுட்டயா? இது டி-4 இல்லையா?”

கோகுல் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“இல்லீங்க ஹரிணியக்கா. இந்தத் தடவ எந்த ஊட்டுல இருந்து வந்துச்சுன்னு நல்லாப் பாத்துத்தான் எழுதுனேன்.”